எண்ணெய் சரி, காகிதம் என்ன கதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் டிரான்ஸ்பார்மர் போய்விட்டால் டீக்கடையில் முதல் பேச்சே 'எண்ணெய் குறைஞ்சிருக்கும்' என்பதுதான். 30 வருடம், எரிந்துபோன டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி மறுபடி சுற்றும் ரீவைண்டிங் பட்டறையில் கிடந்தவன் நான். உள்ளே கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் காகிதத்தை மறந்து, எண்ணெயை மட்டும் பார்த்துவிட்டு வருவதுதான் தப்பு.

போன சித்திரையில் எங்கள் தெருவுக்கும் வயல் மோட்டார்களுக்கும் கரண்ட் தரும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் எண்ணெயை பில்டர் செய்தார்கள், டெஸ்ட் ரிப்போர்ட்டும் நன்றாக வந்தது. ஐப்பசி மழையில் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) எரிந்துபோய், இரண்டு நாள் இருட்டில் கிடந்தோம்.

ரிப்போர்ட் பொய் இல்லை. ஒரு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு உலோகக் குமிழ்களுக்கு வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போவார்கள், எங்கே பொறி பாய்கிறதோ அதுதான் கணக்கு. நல்ல எண்ணெய் 60, 70 ஆயிரம் வோல்ட் தாங்கும். ஈரமும் நாரும் கலந்துவிட்டால் 20 ஆயிரத்திலேயே பாய்ந்துவிடும். பில்டர் செய்தால் எண்ணெய் தேறிவிடும், ஆனால் உள்ளே போன தண்ணீரில் பெரும்பகுதி எண்ணெயில் இல்லையே, கம்பியில் சுற்றிய காகிதத்தில் அல்லவா ஊறிக் கிடக்கிறது! சூடு ஏறினால் அது மறுபடி எண்ணெய்க்கு வந்துவிடும்.

தண்ணீர் எப்படிப் போகிறது? பகலில் மோட்டார்கள் ஓடி எண்ணெய் சூடாகி விரியும், காற்று வெளியே போகும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் பக்கத்துக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, கல்லிடைக்குறிச்சி அப்பளமே டப்பாவுக்குள் நமத்துப்போகும். அந்த ஈரத்தைப் பிடிக்கத்தான், டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும் வழியில் மாட்டிய பிரீதர் டப்பாவில் சிலிகா ஜெல் என்ற ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போடுகிறார்கள். நீலமாக இருந்தால் சரி, ரோஸ் ஆகிவிட்டால் இனி அது ஈரம் பிடிக்காது.

ஈரமும் சூடும் சேர்ந்தால் காகிதம் சீக்கிரம் கிழடாகிவிடும். புதுக் காகிதத்து நார்ச்சங்கிலியில் சுமார் 1,000 கண்ணி, அது 200-க்கு இறங்கினால் கதை முடிந்தது. சூடு ஏறக்குறைய 6 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். போதாததற்கு காகிதம் மட்கும்போது அதுவே தண்ணீரையும் விடும், அந்தத் தண்ணீர் மேலும் மட்க வைக்கும். பழைய காயிலைப் பிரித்தால் தாத்தா காலத்துப் பத்திரம் மடிப்பில் உடைவதுபோல உதிரும். லைனில் ஒரு ஷார்ட் வந்து காயில் குலுங்கினால் போதும், சுற்றோடு சுற்று ஒட்டிவிடும். எண்ணெயை மாற்றலாம், காகிதத்தை மாற்ற ரீவைண்டிங்தான் வழி.

பெரிய டிரான்ஸ்பார்மர்களில் எண்ணெயில் கரைந்த வாயுவையும், காகிதம் மட்கும்போது வரும் பியூரான் என்ற பொருளையும் பார்த்துக் காகிதத்தின் நிலையைச் சொல்லிவிடுவார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு அவ்வளவு செலவு கட்டுப்படியாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஜெல்லை மாற்ற என்ன செலவு? ரோஸ் ஆனதைச் சூடாக்கினாலே திரும்ப நீலமாகும், பட்டறையில் வாணலியில்தான் வறுப்போம் (அதில் கோபால்ட் உண்டு, அந்த வாணலி பிறகு அடுப்படிக்குப் போகாது). சாரலுக்கு முன்னால் ஒருமுறை, ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை ஜெல்லைப் பார்த்து மாற்றச் சொல்லி மின்வாரியம் உத்தரவு போடட்டும்.

புதிதாக வைத்த டிரான்ஸ்பார்மரிலும் மூன்று மாதத்தில் ஜெல் ரோஸ் ஆகிவிட்டது, ரோட்டில் நின்றாலே தெரிகிறது. லைன்மேன் தம்பியிடம் சொன்னேன், 'எழுதிக் குடுங்க அண்ணாச்சி' என்றார். குடுத்துவிட்டேன், உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பழைய ரீவைண்டிங் பட்டறைக்காரன்,
அம்பாசமுத்திரம் வட்டம்