பாதியில் நின்ற படமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இயற்கைக்காட்சி ஓவியர் தாமஸ் கோல் பென்சிலில் வரைந்த ஷ்ரூன் ஏரிப் படத்தைப் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அதற்குக் கீழே 'வண்ணம் தீட்டாமல் பாதியில் நின்றுபோன படம்' என்று எழுதியவர் யாரோ, அவருக்கு என் நமஸ்காரம்.

1837 கோடையில் கோல் தன் நண்பர் ஆஷர் டூராண்டுடன் நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைப்பக்கம் போனார். அங்கே பார்த்ததைப் பென்சிலில் வரைந்துகொண்டார். அங்கே இருந்த ஷ்ரூன் மலையை வைத்து மறு ஆண்டு முடித்த எண்ணெய் வண்ண ஓவியம் இன்று கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் காடெல்லாம் இலையுதிர்காலச் சிவப்பு. போனதோ கோடையில்! ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு தீட்டினால் தனக்குச் சரிப்படாது, சில்லறை விவரங்கள் மங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று டூராண்டுக்கே கடிதம் எழுதியவர் அவர். அப்படியென்றால் ஏரிக்கரையில் நின்று பார்த்ததற்குச் சாட்சி எது? பென்சில் படம்தானே? தாங்கள் அறியாததல்ல.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். என் வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார்; திருப்பித் தந்ததே கிடையாது. ஒருமுறை, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து ஒரு மாணவன் பென்சிலில் வரைந்த படத்தைப் பார்த்து, ஆய்வுக்கு வந்த அதிகாரி "கலர் அடிக்கலையா?" என்றார். அவ்வளவுதான். பையன் பச்சை க்ரேயானை எடுத்து ஒரே பூச்சாகப் பூசிவிட்டான். அப்புறம் கரை எது, தண்ணீர் எது என்று எனக்கே தெரியவில்லை. அந்த அதிகாரிதான் இப்போது உங்கள் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாரோ என்று சந்தேகம்.

இன்னொன்று. தான் வாழ்ந்த கேட்ஸ்கில் பகுதியில் ரயில் பாதைக்காக மரங்களை வெட்டியவர்களை 1836-லேயே திட்டித் தீர்த்தவர் கோல். நீங்களோ நகைக்கடை விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று படத்தின் ஓரத்தையே வெட்டிவிட்டீர்கள். ஓவியப் பக்கம் அரைப் பக்கமாகச் சுருங்கியபோதே எழுதினேன், பிரசுரமாகவில்லை. ராசிபலனுக்கு மட்டும் முழுப் பக்கம் குறையாமல் வருகிறது. வரட்டும்.

இனி படம் போடும்போது எந்த ஆண்டு, எதால் வரைந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று அடியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.