‘அக்ரூ’ என்ற சொல் பற்றி நண்பருக்கு

அன்புள்ள நண்பர் சிதம்பரநாதன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு மறுபடியும் மொழிபெயர்ப்பில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. மருத்துவர் அதற்குச் சம்மதித்தாரா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். இங்கே அனைவரும் நலம்.

குத்தகைப் பத்திரத்தில் வரும் ‘அக்ரூ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘சிறிது சிறிதாகத் திரளுதல்’ என்று அகராதி பொருள் தருகிறது, ஆனால் ‘குத்தகைதாரருக்குத் திரளும் உரிமைகள்’ என்று எழுதினால் வாக்கியம் நொண்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். வங்கியில் இருந்த காலம் முழுவதும் அந்தச் சொல்லோடு புழங்கியவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சொல்லின் வேர் இலத்தீனில் வளர்தலைக் குறிக்கும் ‘க்ரெஸ்கெரே’. வளர்பிறையைச் சொல்லும் ‘கிரெசன்ட்’, படைக்கு ஆள் சேர்ப்பதைச் சொல்லும் ‘ரெக்ரூட்’ எல்லாம் அதே குடும்பம். ‘அக்யூமுலேட்’ என்பதோ குவியலைக் குறிக்கும் ‘குமுலஸ்’ என்ற வேறொரு வேரிலிருந்து வந்தது. ஆகவே அலமாரியின் மேல் தூசி படிவதற்கு ‘அக்யூமுலேட்’ பொருந்தும், ‘அக்ரூ’ பொருந்தாது. வைப்புத்தொகைக்கு வட்டி, ஊழியருக்கு விடுப்பு, கடன்காரருக்கு அபராதம் ஆகியவைதான் ‘அக்ரூ’ ஆகின்றன. ஒன்றிலிருந்து விளைவதாகவும் ஒருவர் கணக்கில் சேர்வதாகவும் இருந்தால்தான் அந்தச் சொல் உட்காரும்.

சேமிப்புக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஏப்ரல் 1-க்கு முன்பு, மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கு மட்டுமே வட்டி கிடைத்தது. காலியாக இருந்த கணக்கில் ஒருவர் 11-ஆம் தேதி 20,000 ரூபாயைப் போட்டு, அடுத்த மாதம் 20-ஆம் தேதி முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்துக்கு மேல் பணம் வங்கியில் கிடந்தும் அவருக்கு ஒரு காசு வட்டி வராது. ‘பத்தாம் தேதிக்குள் போட்டுவிடுங்கள்’ என்று கவுன்டரில் நாங்கள் ஓயாமல் சொன்னது இதனால்தான். பிறகு ரிசர்வ் வங்கியின் உத்தரவால் அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிடும் முறை வந்தது. அப்போது இருந்த 3.5 விழுக்காட்டில் அதே 20,000 ரூபாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 92 காசு சேரும். அது பாஸ்புக்கில் அன்றே ஏறாது, வரவு வைக்கும் நாள் வேறு. ஆயினும் அந்த 1 ரூபாய் 92 காசு அன்றைக்கே வாடிக்கையாளருக்கு உரியதாகி, வங்கியின் பேரேட்டில் கொடுபட வேண்டிய தொகையாக நின்றுவிடுகிறது. கைக்கு வராமலே தனதாகிவிட்ட பணம் என்ற இந்த நிலையைத்தான் ‘அக்ரூட் இன்ட்ரஸ்ட்’ என்கிறோம். இலங்கைத் தமிழ்க் கணக்கியல் நூல்களில் இதற்கு ‘அட்டுறு’ என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. நம் பக்கத்தில் அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது என்பது வேறு கதை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ‘சிறிது சிறிதாக’ என்று அகராதி அழுத்திச் சொல்லும் பகுதி, சட்டத்துக்குள் நுழைந்ததும் தளர்ந்துவிடுகிறது. 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஈ.டி. சஸூன் வழக்கு இதற்கு நல்ல சான்று. அந்த நிறுவனம் சில ஆலைகளை நிர்வகிக்கும் பொறுப்பை ஆண்டின் நடுவில் வேறு நிறுவனங்களுக்கு மாற்றிக்கொடுத்தது. கமிஷனோ ஆண்டு முழுவதற்குமான நிகர லாபத்தின் மேல் கணக்கிடப்படுவது. வேலை செய்த மாதங்களுக்கான வருமானம் சஸூனுக்குச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. ஆண்டு முடிந்து லாபம் கணக்கிடப்படும் வரை கமிஷனைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்கும் பிறக்கவில்லை, ஆகவே மாற்றிக்கொடுத்த நாளில் சஸூனுக்கு எதுவும் ‘அக்ரூ’ ஆகவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். உழைப்பு நாள்தோறும் கூடியது, வருமானம் அப்படிக் கூடவில்லை! உரிமை பிறக்கும் கணமே அந்தச் சொல்லின் உயிர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. 1963-இன் காலவரையறைச் சட்டத்திலும், தனியாகக் கெடு குறிப்பிடப்படாத வழக்குகளுக்கு, வழக்குத் தொடரும் உரிமை ‘அக்ரூ’ ஆன நாளிலிருந்து மூன்று ஆண்டு என்றிருக்கிறது. அந்த உரிமை சொட்டுச் சொட்டாகச் சேர்வதில்லை, ஒரே நாளில் பிறக்கிறது.

இனி உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘குத்தகைதாரருக்குச் சேரும் உரிமைகள்’ என்று எழுதுங்கள். ‘தம்பிக்குச் சேர வேண்டிய பங்கு’ என்று பாகப்பிரிவினையில் நாம் சொல்லும்போது, கூடுதல், உரியதாதல் இரண்டும் அந்த ஒரே வினைக்குள் அடங்கிவிடுகின்றன. வழக்குரிமை வரும் இடத்தில் மட்டும் ‘எழும் உரிமை’ என்று மாற்றிக்கொள்ளலாம். வட்டிக்கு ‘சேர்ந்துள்ள வட்டி’ போதும். எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைப் போட வேண்டும் என்ற பிடிவாதத்தை நான் ஏற்பதில்லை. நீங்கள் ஏற்பவர் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

நிலம் ஆற்றோரம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பத்திரத்தில் எங்காவது ‘அக்ரீஷன்’ என்ற சொல்லும் வரக்கூடும். அதே வேரில் பிறந்தது, ஆற்றுநீர் கொண்டுவந்து கரையில் சேர்க்கும் மண்ணையும் குறிக்கும். குத்தகைக் காலத்தில் சொத்தோடு வந்து சேர்வது, வண்டல் நிலம் பற்றிய சட்டத்துக்கு உட்பட்டு, குத்தகையிலேயே அடங்கியதாகக் கருதப்படும் என்று 1882-இன் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
வேலாயுதம்