இன்னொரு இணைப்பு வேண்டாம்

காவேரிப்பட்டணம்,
வைகாசி 20

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. இங்கே இணையம் திக்குகிறது என்பதால், அதில் வீட்டுக்கு இரண்டாவது இணைய இணைப்பு ஒன்று எடுத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தாய். அதை எடுக்கவில்லை, எடுக்கப் போவதுமில்லை. போனில் சொன்னால் நீயும் உன் அண்ணனும் என்னை முழுதாகப் பேச விடமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நம்முடையது 100 எம்பிபிஎஸ் இணைப்பு, அதாவது விநாடிக்கு 100 மெகாபிட். அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட். உன் அண்ணனின் வீடியோ மீட்டிங் நான்கு எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும், அண்ணியின் ஆன்லைன் வகுப்புக்கும் அவ்வளவே, பேரன் பார்க்கும் எச்டி படத்துக்கு ஐந்து போதும், நான் தோப்புக் கணக்கு எழுதும் கம்ப்யூட்டருக்கு அதுகூட வேண்டாம். நால்வரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் கால் பங்குகூடச் செலவாகாத ஓர் இணைப்புக்குப் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பதால் என்ன மாறிவிடும்?

ஒரே இணைப்பை இத்தனை பேர் பகிர்வதுதான் தவறோ என்ற எண்ணம் உன் கடிதத்தில் தெரிந்தது. தொலைபேசி நிலையத்தில் காலம் தள்ளியவளுக்கு இது புதிதில்லை. அலுவலகங்களுக்கு வெளியே ஒரே எண் இருக்கும், உள்ளே மேசைக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் இருக்கும், நடுவில் உள்ள போர்டு யாருடைய அழைப்பு எது என்று பார்த்துக்கொள்ளும். ரவுட்டரும் அதையேதான் செய்கிறது. இணைய நிறுவனம் நமக்குக் கொடுப்பது ஒரே இணைய முகவரி. வீட்டுக்குள் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியை ரவுட்டரே வழங்கி, வெளியே போகும் ஒவ்வொரு தொடர்புக்கும் போர்ட் எண் என்ற ஓர் அடையாள எண்ணைக் குறித்துவைத்து, பதில் அந்த எண்ணுக்கு வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. ஐபிவி4 என்னும் பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. அதனால் இந்தப் பகிர்வை ஏழை வீட்டு ஒப்பேற்றல் என்று எண்ணாதே. இணையத்தின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. பல நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலும் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. தோப்புக் கேமராவை உன் ஊரிலிருந்து நேரடியாகத் திறக்க முடியாமல் போனதற்கும் அதுவே காரணம். கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்த்துக்கொள்.

கோளாறு வீட்டுக்குள் இருந்தது. ரவுட்டரில் நேரடியாக வயரைச் சொருகிப் பார்த்தால் வேகம் 90க்குக் குறையவில்லை. பின்கட்டு அறையில் வைஃபையில் பார்த்தால் பத்தைத் தாண்டவில்லை. கிருஷ்ணகிரிச் சீமையில் கல்லுக்குப் பஞ்சமில்லை என்று உன் தாத்தா முன்கட்டை ஒன்றரை அடிக் கருங்கல் சுவராக எழுப்பிவிட்டார். வைஃபையின் இரண்டு அலைகளில் ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் அது சுருண்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தட்டுத் தடுமாறி உள்ளே போகும், வேகம் இருக்காது. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. வைஃபையில் ஒரு சானலில், அதாவது ஓர் அலைவழியில், ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். சுவருக்கு அப்பால் சிக்னல் குறைந்த கம்ப்யூட்டர் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசுவதால், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருப்பவரும் அது முடியும்வரை காத்திருக்க நேரிடுகிறது. பேரன் பின்கட்டில் படம் பார்க்கும்போது அண்ணனின் மீட்டிங் திக்கியதற்கு இதுதான் பொருள். இரண்டாவது இணைப்பு வாங்கி அதன் ரவுட்டரையும் அதே கூடத்தில் வைத்திருந்தால் கல் இளகியிருக்காது.

ஆகவே வயர் இழுத்தோம். கேட் 6 என்ற நெட்வொர்க் வயரை ஓட்டோரமாகக் குழாய்க்குள் விட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு வயரைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சுவிட்ச் என்ற சிறிய பெட்டியை வைத்து, இடம் பெயராத கம்ப்யூட்டர்கள் அனைத்தையும் அதில் சொருகியாயிற்று. நூறு மீட்டர் வரை இந்த வயரில் வேகம் குறையாது. நம் வீட்டு நீளம் அதில் பாதிகூட இல்லை. போன்களுக்கும் மடிக்கணினிகளுக்குமாகப் பரணில் கிடந்த பழைய ரவுட்டரைப் பின்கட்டில் பொருத்தினோம். பொருத்த வந்த பையன் வயரை அதன் வான் (WAN) துளையில், அதாவது வெளி இணைப்புக்கான துளையில், சொருகிவிட்டுப் போய்விட்டான். அதனால் அது தனியாக வேறு உள்முகவரிகளை வழங்கத் தொடங்கி, ஒரே வீட்டுக்குள் இரண்டு வீடாகி, முன்கட்டிலிருந்து பார்த்தால் பின்கட்டுப் பிரிண்டரே தெரியவில்லை. வயரை வீட்டுக்குள் இணைக்கும் லான் (LAN) துளைக்கு மாற்றி, உள்முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி வசதியை அணைத்து, முதல் ரவுட்டரோடு மோதாத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்த பிறகு எல்லாம் ஒன்றாயின. உன் வீட்டிலும் இரண்டாவது ரவுட்டர் வைக்க நேர்ந்தால் இதை முதலில் பார்.

இதற்குப் பிறகும் மாலையில் மட்டும் மீட்டிங் கொஞ்சம் தடுமாறியது. பேரன் விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்கும்போது அது இருக்கும் வேகம் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. குரலைச் சுமந்து வரும் சிறு தரவுப் பொட்டலங்கள் வரிசையின் கடைசியில் நிற்கின்றன. ரவுட்டரில் அவன் கம்ப்யூட்டருக்கு 60 எம்பிபிஎஸ் வரம்பு வைத்தேன். அவனுக்கு என்மேல் கோபம். இரவு பத்து மணிக்கு மேல் வரம்பு இல்லை என்று சொல்லிச் சமாதானம் செய்திருக்கிறேன்.

மாம்பழக் காலத்தில் வரும் வியாபாரிகள் வைஃபை கேட்பார்கள். அவர்களுக்கு விருந்தினர் நெட்வொர்க் தனியாக இருக்கிறது. அதிலிருந்து நம் கணக்குக் கோப்புகளை எட்ட முடியாது. ரவுட்டரின் பழைய அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன்.

நீ சொன்னதில் ஒரு நியாயம் உண்டு: கம்பி அறுந்தால் வீடு முழுவதும் நிற்கும். வேறொரு நிறுவனத்தின், வேறு வழியாக வரும் இணைப்பு இருந்தால்தான் அதற்குப் பயன்; அந்த ஒரு நாளுக்கு உன் அண்ணனின் போன் ஹாட்ஸ்பாட் போதும் என்பது என் எண்ணம். கரண்ட் போவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. அதற்கு ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்குமாக 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் ஒன்று உன் பணத்திலேயே வாங்கினேன். வயர், சுவிட்ச் செலவு போக மீதியை உன் கணக்குக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன், மறுக்காமல் வைத்துக்கொள்.

ஆனி மாதம் பிள்ளைகளோடு வந்து இங்கிருந்தே வேலை பார்ப்பதாகச் சொன்னாய். உனக்காகச் சுவிட்சில் ஒரு துளையைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் மடிக்கணினியில் வயர் சொருகும் இடம் இல்லையென்றால், யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா