பேரன் ஆமிக்குப் போகிறேன் என்கிறான்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வெள்ளத்தில் காலபோக நெல் பாதி போனது என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசு கனத்துப் போனது. தங்கச்சிக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பது மட்டும் ஆறுதல். எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி சுகம்.

இப்போது எழுதப்போவது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனில் என்றால் நீ நடுவில் கோபப்படுவாய், நானும் சொல்ல வந்ததில் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மகளின் மூத்தவன் ஆமியில் சேரப் போகிறேன் என்று நிற்கிறான். ஏ.எல், அந்த உயர்தரப் பரீட்சை எழுதாமலே. அடுத்த மாதம் அவனுக்குப் பதினெட்டு முடிகிறது. கிராம சேவகரிடம் நற்சான்றிதழ் கேட்டுப் போயிருக்கிறான். அவர் மகளை வழியில் கண்டு, "பையன் ஆமிக்குப் போறானாமே" என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்கே தெரியும். பதினெட்டுக்குக் கீழே எடுக்கமாட்டார்கள். சிறுவர்களைப் போரில் ஈடுபடுத்துவதற்கு எதிரான ஐ.நா. நெறிமுறையை 2000 ஆம் ஆண்டில் நம் நாடு ஏற்றபோது, விரும்பி வருபவனுக்கும் பதினெட்டுதான் குறைந்த வயது என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆக, அவனைச் சட்டம் நிறுத்தி வைப்பது இன்னும் சில வாரங்களுக்குத்தான்.

எங்கிருந்து இந்த ஆசை வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்ததே, அப்போது இங்கே தோட்டத்தில் மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தது. வெளிச்சம் இல்லை, போன் இல்லை, பாதை இல்லை. மறுநாள் ஆமிக்காரர்கள் கயிறும் மண்வெட்டியுமாக நடந்தே வந்தார்கள். வந்தவர்களில் ஒருவருக்கும் தமிழ் வராது, நம் கிழவிகளுக்குச் சிங்களம் வராது. வீட்டை விட்டு வரமாட்டோம் என்று அவர்கள் அழுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று விளங்காமல் இவர்கள் நிற்கிறார்கள். இவன்தான் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் பேசினான். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்தப் பக்கம் மண் இன்னும் இளகி நிற்கிறது எல்லாம் அவன்தான் காட்டிக் கொடுத்தான். இரவு முழுவதும் அவர்களோடு போய் எல்லாரையும் பாடசாலைக்குக் கொண்டு வந்து சேர்த்தான். போகும்போது ஒரு கோப்ரல் அவன் தோளில் தட்டி, உன்னைப் போல ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது வெறும் வாய்ப்பேச்சு என்று என்னால் தள்ள முடியவில்லை, மச்சான். பதினேழு வயது வரை அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பாடசாலையில் அவன் நடுத்தரப் பிள்ளை. கணிதப் பிரிவுக்கு ஆசைப்பட்டான். கிட்டத்தில் உள்ள பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லை, ஹட்டன் டவுனுக்குப் போய்ப் படிக்க பஸ் காசுக்கு வழி இல்லை, கலைப் பிரிவில் உட்கார வைத்தோம். அப்படிப்பட்ட பிள்ளை அந்த ஓர் இரவில் நூறு பேருக்குத் தேவைப்பட்டான். அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். அவனைத் திட்டி அடக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணம் வீடு. மருமகன் கொழும்பில் கடையில் நிற்கிறார், பணம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. மகள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். 2021 இல் நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபா ஆக்கினார்கள், 2024 இல் 1,350 ஆனது. கேட்க நன்றாக இருக்கும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான், மழை பிடித்தால் அதுவும் இல்லை. சீட்டு, கடைக் கடன், கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும் கடன்காரர்கள். இவனை உட்கார வைத்துப் பேசினேன். "தாத்தா, நீங்க சோக்கு பிடிச்சு வேலை பார்த்தீங்க. அம்மா அட்டைக்கடியில நிக்கிறாங்க. நான் ஏ.எல் எழுதி, ரிசல்ட் வந்து, அப்புறம் வேலை தேடி... அதுவரைக்கும் அம்மா நிக்கணுமா?" என்றான். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

அவன் ஒன்றும் தெரியாத பிள்ளையும் இல்லை. 22 வருடம் இருந்தால் பென்ஷன், நாற்பது வயதில் வெளியே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். ஐ.நா. அமைதிப்படையில் லெபனானுக்குப் போனால் நல்ல காசு என்கிறான். நம் ஆட்கள் அங்கே போயிருப்பது உண்மைதான். ஆனால் தன் கணக்கில் அவன் சேர்க்காத சிலதை நான் சொன்னேன். 2023 ஜனவரியில் அரசாங்கம் என்ன அறிவித்தது? இரண்டு லட்சத்து எழுநூற்றுச் சொச்சமாக இருந்த இராணுவத்தை 135,000 ஆக்கி, 2030 ஆகும்போது ஒரு லட்சத்துக்குக் கொண்டு வருவோம் என்று. சுருங்கிக்கொண்டு போகும் இடத்தில் அடிப்படியில் ஏறுகிறவனுக்கு மேலே போக எவ்வளவு இடம் இருக்கும்? மற்ற வேலை பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே விட்டுவிடலாம். இங்கே சொல்லாமல் வீட்டுக்கு வந்தால் தப்பியோடியவன் என்று பெயர், பிடித்துக்கொண்டு போவார்கள். அப்படி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2024 ஏப்ரல், மே மாதங்களில்கூட அவர்கள் சட்டப்படி விலகிக்கொள்ள ஒரு பொதுமன்னிப்புக் காலம் கொடுத்தார்கள். விரும்பிப் போனவர்கள் எல்லாருமே அங்கே நிலைத்து நிற்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ரஷ்யா விஷயத்தையும் சொன்னேன். ஆமியை விட்டு வந்தவர்களுக்குத் துப்பாக்கி பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. கொழும்பில் ஏதாவது கட்டடத்து வாசலில் செக்கியூரிட்டியாக நிற்கிறார்கள். ஏஜென்சிக்காரன் லட்சக்கணக்கில் சம்பளம் என்றதும் நம்பிப் போய் உக்ரைன் போர்முனையில் மாட்டிக்கொண்டார்கள். 554 பேர் ரஷ்யப் படையில் சேர்ந்திருக்கிறார்கள், 59 பேர் இறந்துவிட்டார்கள் என்று 2025 தொடக்கத்தில் வெளிவிவகார அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "நான் அப்படிப் போகமாட்டேன்" என்றான். அவர்களும் அப்படிப் போவோம் என்று நினைத்து ஆமியில் சேர்ந்திருக்கமாட்டார்கள் என்றேன்.

தோட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அரசாங்க உத்தியோகம், விடாதே என்கிறது ஒரு பக்கம். தமிழ்ப் பையன் எப்படி அந்த உடுப்பைப் போடலாம், வடக்கில் நம் சொந்தங்களின் முகத்தில் எப்படி முழிப்பது என்கிறது இன்னொரு பக்கம். இரண்டாவது பேச்சை நான் இவன் மேல் சுமத்த விரும்பவில்லை. நாம் அவன் வயதில் இருந்தபோது அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போடவே பிரஜாவுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள். 1948 இல் பறித்தது திரும்பி வரும் என்று காத்திருந்தே உன் அப்பாவின் காலம் போனது. பிரஜாவுரிமை கொடுத்த 2003 சட்டம் வந்தபோது நீ எனக்கு எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது, "அப்பா இருந்திருந்தால்" என்று தொடங்குகிறது. இன்று என் பேரன் இந்த நாட்டின் எந்த அலுவலகத்துக்கும், எந்தப் படைக்கும் விண்ணப்பிக்கலாம். அந்த உரிமை அவனுக்கு இருக்கட்டும். உனக்குத் தமிழன் என்பதால் இது வேண்டாம் என்று சொல்ல என் வாய் வராது.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில். இந்த ஊரில் ஒரு பிள்ளை பதினேழில் படிப்பை விட்டுவிட்டு எங்கேயாவது போக வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் மாறவில்லை. நம் காலத்தில் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள், இப்போது கார்மெண்ட்ஸ், வெளிநாடு, ஆமி. பையில் போட்டுக்கொண்டு போக ஒரு சான்றிதழாவது இருந்தால் போகிற இடத்தில் நிமிர்ந்து நிற்கலாம். அதைத்தான் அவனிடம் மன்றாடுகிறேன், ஏ.எல் எழுதிவிட்டுப் போ என்று. ஆமியிலேயே பார், ஏ.எல் சித்தியடைந்திருந்தால் கடேட் அதிகாரியாக விண்ணப்பிக்கலாம், தியத்தலாவை இராணுவ அகடமியில் பயிற்சி, கொத்தலாவல பல்கலைக்கழகம்கூட இருக்கிறது. இல்லாமல் போனால் சிப்பாய்தான், மற்றவன் சொல்லைக் கேட்டு நடப்பதுதான். பதுளைக் கோச்சியில் போகும்போது தியத்தலாவை ஸ்டேஷனில் எத்தனை தரம் அந்த உடுப்புகளைப் பார்த்திருப்போம். அந்த முகாமுக்குள் அதிகாரியாக நம் பிள்ளை ஒருவன் போவதை நான் பார்க்கக்கூடாதா என்ன? பரீட்சை எழுதி முடித்தாலும் வயது தாண்டிவிடாது. அப்போதும் இதே எண்ணம் இருந்தால் நேர்முகத்துக்கு நானே கூடப் போவேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

என் உள்மனதில் வேறோர் ஆசை இருப்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது, ஏ.எல் பெறுபேறு ஓரளவு வந்தால் மூன்று வருடத்தில் ஆசிரியராகலாம். அன்று இரவு கிழவிகளிடம் அவன் பேசிய விதத்தைப் பார்த்தேன். பயந்தவர்களைச் சத்தம் போடாமல் நடத்திக்கொண்டு வரத் தெரிந்தவன் வகுப்பறையில் நன்றாக இருப்பான். ஆனால் அது என் ஆசை. நான் ஆசிரியராக இருந்தவன் என்பதால் வந்த ஆசை. அதை அவன் மேல் திணிக்கமாட்டேன்.

மாதா மாதம் வீட்டுக்கு ஒரு தொகை என் பென்ஷனிலிருந்து கொடுப்பதாக மகளிடம் சொல்லிவிட்டேன், பரீட்சை முடியும் வரை. அவள் வேண்டாம் என்றாள். அழுதாள். பிறகு சரி என்றாள். இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை, தன்னால் தாத்தாவுக்குச் சுமை என்று அவன் எடுத்துக்கொள்வான்.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நீ அவனோடு பேச வேண்டும்.

உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு, இனி இங்கே உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று வன்னிக்குப் போனீர்கள். அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, ஒரு மாதிரியாகத் தலை நிமிர்ந்தபோது போர். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் இயக்கம் வந்து கேட்ட நாட்களில் உன் சின்னவளுக்கு என்ன வயது? இதே பதினேழு. அவளை எங்கெல்லாம் ஒளித்து வைத்தீர்கள், கடைசியில் படிப்பை நிறுத்தி அவசர அவசரமாகக் கல்யாணம் முடித்துக் காப்பாற்றினீர்கள். உன் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. செட்டிகுளம் முகாமில் முள்வேலிக்குப் பின்னால் நீ இருந்தபோது என்னால் உள்ளே வந்து பார்க்க முடியவில்லை, பிறகு நீ இங்கே வந்து தங்கியபோதுதான் எல்லாம் சொன்னாய்.

அப்போது நீ சொன்ன ஒன்று எனக்கு மறக்கவில்லை. போரின் கடைசி நாட்களில் வட்டுவாகலைக் கடந்து வந்தபோது உன் அம்மாவைத் தூக்கி வந்து கரையில் இறக்கிய சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது என்றாய். மொனராகலைப் பக்கத்துப் பையன், வீட்டில் காணி இல்லை, தங்கச்சிமார் மூன்று பேர், அதனால் வந்தேன் என்று அரைகுறைத் தமிழில் சொன்னானாம். அவன் மேலும் உனக்கு இரக்கம் வந்தது என்றும் சொன்னாய். எனக்கு அன்று அது புரியவில்லை, இப்போது என் வீட்டுத் திண்ணையில் அதே காரணங்களோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது நன்றாகப் புரிகிறது.

இங்கே யார் சொன்னாலும் அது செய்தி. நீ சொன்னால் அது நடந்தது. போகாதே என்று நீ சொல்ல வேண்டும் என்றில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் துப்பாக்கி வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நீ பார்த்ததைச் சொல். அது பலவந்தம், இவன் போவது விருப்பம், இரண்டும் ஒன்றில்லை என்று அவன் வாதாடுவான். வாதாடட்டும். அதில் நியாயமும் இருக்கிறது. அந்த மொனராகலைப் பையனைப் பற்றியும் சொல். கோபம் வந்தால் கோபப்படு, அவன் தாங்குவான். உன்னைப் பற்றி அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மரியாதை இருக்கிறது. நீ போன தரம் வந்தபோது அவனுக்குக் கொடுத்த பேனாவைத்தான் இன்னும் பரீட்சைக்குக் கொண்டு போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு மேல் டியூஷன் முடிந்து இங்கேதான் வருவான். என் போனுக்கே எடு, அவன் போனில் சிக்னல் சரியாக இருக்காது. அவனிடம் கொடுத்துவிட்டு நான் கடைப்பக்கம் போய்விடுகிறேன், நான் இருந்தால் அவன் மனம் விட்டுப் பேசமாட்டான். என்ன பேசினீர்கள் என்று உன்னிடமும் கேட்கமாட்டேன். அவன் எது கேட்டாலும் பிள்ளைதானே என்று பூசி மெழுகாமல் சொல்லு.

தங்கச்சியை வெயிலில் வெளியே விடாதே, சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல். சின்னவளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
மஸ்கெலியா மச்சான்