புது ஹீட்டர் வாங்கும் முன்: நம் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், சக வீட்டு உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

நான் இங்கே புதிதாகக் குடிவந்தவள். பழைய மகாபலிபுரம் சாலையில் எத்தனையோ வீடுகள் பார்த்த பிறகு இதை வாங்கியதற்கு முக்கியக் காரணமே வெதுவெதுப்பான நீச்சல்குளம்தான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். "சென்னையில் குளத்துக்கு ஹீட்டர் எதற்கு?" என்று கூட்டத்தில் கேட்டவர்கள் ஒரு மார்கழிக் காலையில் அந்தப் படியில் கால் வைத்துப் பாருங்கள். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவில் வெயிலே விழாத குளம் அது.

ஹீட்டர் ஒழுகுகிறது, புதிது வாங்க வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்டுங்கள் எனச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. பணம் தர எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இது ஏன் ஒழுகியது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் ஒழுகத்தான் போகிறது.

நம்முடையது ஹீட் பம்ப். காற்றிலுள்ள சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஏசி போல அதுவும் சொட்டும். அது கோளாறு இல்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டால் விஷயம் தெரிந்துவிடும்: காற்றின் ஈரமாக இருந்தால் சொட்டு கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியோடு அதைச் செய்து பார்த்தேன். வெகுநேரம் ஆகியும் சொட்டு நிற்கவில்லை. பிடித்த தண்ணீரில் குளோரின் பார்க்கும் மருந்தை விட்டதும் மஞ்சளாகிவிட்டது. ஆக, ஒழுகுவது குளத்துத் தண்ணீர்தான்.

தண்ணீர் வெளியே வரும் பக்கத்து இணைப்பில் எம்-சீலை உருண்டையாக அப்பியிருக்கிறார்கள். அதன் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. அப்படியென்றால் உள்ளே எங்கோ செம்பு அரிபடுகிறது. காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது: குளோரின் மாத்திரைகளை, குளத்தின் மேல்மட்டக் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் போடுகிறார்கள். அந்த மாத்திரை கரைந்த தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்குக் கீழே போனால் அமிலம்) ஏறக்குறைய 3, நல்ல அமிலம். இரவில் மோட்டார் நின்றதும் அது கூடையிலேயே ஊறிக் கிடக்கிறது. காலையில் மோட்டார் போட்டதும் முதல் வேலையாக ஹீட்டருக்குள் பாய்கிறது. குளத்து நீரின் பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பம்ப் ரூம் நோட்டில் குளோரின் அளவு மட்டும்தான் இருக்கிறது, பி.எச். கட்டம் மாதக்கணக்காகக் காலி. அந்தத் தம்பி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பி.எச். பார்க்கும் மருந்தையும் வாங்கித் தரவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும் தனி ஃபீடரை ஹீட்டருக்கு அப்புறம், தண்ணீரைத் திரும்பிவர விடாத வால்வோடு வைக்க வேண்டும். புது ஹீட்டரே வாங்கினாலும் உள்குழாய் டைட்டானியமாக இருக்கட்டும்.

இதைவிட அவசரமான ஒன்று. ஒழுகும் தண்ணீர் மோட்டார் பேனலுக்குக் கீழே தேங்குகிறது. அந்தத் தம்பி அங்கே வெறுங்காலோடு நின்றுதான் சுவிட்சைப் போடுகிறார். தயவுசெய்து இன்றே ஹீட்டரின் பிரேக்கரை இறக்கி, தண்ணீரை ஹீட்டருக்குள் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் திறந்து, ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு வால்வுகளையும் மூடிவிடுங்கள். குளத்து நீரை வடிகட்டுவது அதுபாட்டுக்கு நடக்கும். உள்குழாய் ஓட்டையாகியிருந்தால் தண்ணீர் கேஸ் பக்கம் போய் கம்ப்ரெஸரையும் கெடுத்துவிடும் என்பதாலும் ஹீட்டரை ஓட்டக் கூடாது. எர்த்திங் சரியா, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) விழுகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. நம் குளம் 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 900 லிட்டர். ஆவியாவதோடு இப்படி ஒழுகுவதையும் லாரித் தண்ணீரால்தான் நிரப்புகிறோம். 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது.

அப்புறம், பில்டர். நமக்குச் சாவி கொடுத்து இன்னும் ஐந்து ஆண்டு ஆகவில்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு, சாவி கொடுத்த ஐந்து ஆண்டுக்குள் வேலைத்தரத்திலோ செய்துகொடுத்த வசதிகளிலோ உள்ள குறையைத் தெரிவித்தால், 30 நாளுக்குள் செலவில்லாமல் பில்டர் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. என்னைப் போல மறுவிற்பனையில் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். பராமரிப்பு சரியில்லை என்று பில்டர் தட்டிக்கழிக்கப் பார்க்கலாம். மாட்டியபோதே ஃபீடர் வைக்காமல் விட்டது யார் என்று நாம் கேட்கலாம். எதுவானாலும் கடிதம் கெடுவுக்குள் போக வேண்டும், வாய்ப்பேச்சு உதவாது. ஹீட்டரின் கையேடும் வாரண்டி அட்டையும் சங்கத்திடம் இல்லை என்கிறார்கள். அவற்றையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

கடிதத்தை எழுதித் தர நான் தயார். படங்களும் எடுத்து வைத்திருக்கிறேன். பில்டரின் பதில் வரும்வரை பணம் வசூலிப்பதை நிறுத்திவைத்து, அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
புதிதாக வந்த உரிமையாளர்களில் ஒருத்தி