மாட்டுக்கு ஆதார்

டர்பன், தென்னாப்பிரிக்கா,
27.09.2025

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் எங்கேயாவது ஒரு கன்டெய்னர் மாட்டிக்கொள்ளும், எழுந்து ஓடுவேன். இன்று புரட்டாசி இரண்டாம் சனி. வீட்டில் பெருமாளுக்குப் படைக்கும் வேலை நடக்கிறது. என் பங்கு வாழையிலை வாங்கி வந்ததோடு முடிந்துவிட்டது, அதனால் தப்பித்து வந்து எழுதுகிறேன்.

இங்கே புரட்டாசியை நம் ஊரைவிடக் கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர், கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள். தமிழ் இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஓடாது. ஆனால் மாதம் முழுக்க முட்டைகூடத் தொட மாட்டார்கள். மற்ற மாதங்களில் இதே வீடுகளில் ஆட்டுக்காலையும் பீன்ஸையும் சேர்த்துப் போட்டு ஒரு குழம்பு வைப்பார்கள், மேச்சேரி ஆட்டுக்காலைத் தின்று வளர்ந்த நீயே இரண்டாம் முறை கேட்பாய்.

நானோ திங்கள் முதல் வெள்ளி வரை, ஏற்றுமதியாகும் மாட்டுக் கறிப் பெட்டிக்குக் காகிதம் எழுதிவிட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்து பருப்புக் குழம்பு சாப்பிடுகிறேன். மாட்டுக் கறி தின்னாத வீட்டுப் பையன் பதினெட்டு வருடமாக மாட்டுக் கறியில்தான் அரிசி வாங்குகிறான் என்று நீ கிண்டல் செய்திருந்தாய். சரி, அதை விடு. அதே கடிதத்தில் உன் மாட்டின் காதில் மஞ்சள் வில்லை மாட்டிவிட்டுப் போனதைப் பற்றி, "மனுசனுக்கு ஆதார் முடிஞ்சு மாட்டுக்கு ஆதார், 12 நம்பர் வேற" என்று எழுதியிருந்தாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். சிரிக்காதே மாப்ளே. அந்த வில்லை இல்லாததால் ஒரு நாடே எப்படித் திண்டாடுகிறது என்பதை நான் தினமும் மேசை மேல் பார்க்கிறேன்.

இங்கே பிரச்சினை கோமாரி. நம் பக்கம் காணை என்றும் சொல்வோமே, அதேதான். வாயில் கொப்புளம், குளம்பிடையில் புண், எச்சில் ஒழுகல். நம் ஊரில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, கறவை குறைந்ததே என்று புலம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஏற்றுமதியில் அப்படி இல்லை. பாரிஸில் இருக்கும் உலகக் கால்நடை நல அமைப்பு "இந்தப் பகுதியில் கோமாரி இல்லை" என்று சான்று கொடுத்தால்தான் நல்ல விலை கொடுக்கும் நாடுகள் கதவைத் திறக்கும். தென்னாப்பிரிக்காவுக்கு அந்தச் சான்று இருந்தது. 2011 இல் எங்கள் க்வாசூலு-நேட்டால் மாகாணத்தில் நோய் வந்து அது போயிற்று, திரும்பக் கிடைக்க 2014 ஆனது. 2019 ஜனவரியில் லிம்போப்போ மாகாணத்து வெம்பே மாவட்டத்தில் மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. இன்றுவரை திரும்பவில்லை. வடக்கே க்ரூகர் காட்டில் இருக்கும் காட்டெருமைகள் இந்தக் கிருமியை உடம்பில் சுமந்தே திரிகின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. வேலி அறுந்தால் அடி வாங்குவது வளர்ப்பு மாடுதான்.

ஆனால் பழியைக் காட்டெருமை மேல் போட்டுவிட்டுப் போவது சுலபம். வேலியைத் தாண்டிய பிறகு நோயை ஊர் ஊராகக் கொண்டுபோனது லாரி. 2019 கடைசியில் லிம்போப்போவில் பரவியது மாட்டு ஏலங்கள் வழியாக. அரசாங்கம் ஏலங்களையே நிறுத்தி வைத்தது. 2022 ஆகஸ்டில் நாடு முழுக்க 21 நாளைக்கு மாடுகளை நகர்த்தக்கூடாது என்றது. இந்த ஆண்டு ஜூனில் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே, ஒரு லட்சத்துக்கும் மேல் மாடு கட்டிக் கொழுக்க வைக்கும் ஃபீட்லாட்டுக்குள்ளேயே நோய் நுழைந்துவிட்டது. சீனாவும் இந்த ஆண்டு கதவைச் சாத்திக்கொண்டது.

ஃபீட்லாட் என்றதும் ஞாபகம் வருகிறது. என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பெயர் எதுவும் வேண்டாம். குவைத்துக்குப் போகவேண்டிய இரண்டு கன்டெய்னர் உறைந்த கறி. ஒவ்வொன்றும் 27 டன், உள்ளே கழித்தல் 18 டிகிரி. ஹலால் சான்று இருக்கிறது, கப்பலில் இடம் இருக்கிறது. அரசு கால்நடை மருத்துவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்தக் காகிதத்தில், இந்த மாடுகள் வந்த பண்ணையிலும் சுற்றி இத்தனை கிலோமீட்டரிலும் இத்தனை மாதமாகக் கோமாரி இல்லை என்று அவர் உறுதி சொல்ல வேண்டும். அவர் எந்தெந்தப் பண்ணை என்று கேட்டார். கேட்க வேண்டியதுதானே. ஃபீட்லாட்டிலிருந்து பதிவேட்டின் படத்தை அனுப்பினார்கள். "எங்கிருந்து" என்ற கட்டத்தில் நாற்பது வரிக்கு ஒரே பதில்: ஏலம். கீழே, மேற்படி, மேற்படி, மேற்படி. பால் மறந்த கன்றாக வாங்கியவை. எந்த ஏலத்துக்கு எந்தத் தொழுவத்திலிருந்து வந்தன என்பது அந்த ஏலக்காரருக்கே தெரியாது. மருத்துவர் பேனாவை மூடிவிட்டார். நான் அவரைத் திட்டவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் மூடியிருப்பேன். கறி உள்ளூருக்கே திரும்பியது, விலை இறங்கித்தான் போயிற்று. பிளக் போட்டு வைத்திருந்த நாட்களுக்குக் கரண்டு வாடகை தனி.

இங்கே சட்டப்படி மாட்டுக்குச் சூடு உண்டு, 2002 இல் வந்த அடையாளச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது சொந்தக்காரனின் குறி. நூறு மாடு இருந்தால் நூறுக்கும் ஒரே குறி. எது எந்த மாடு, எப்போது எங்கே போயிற்று என்று அது சொல்லாது. இன்னொரு சூடும் இருக்கிறது: கோமாரித் தடுப்பூசி போட்ட மாட்டுக்குக் கழுத்தில் 'எஃப்' என்று போடுவார்கள். அதற்கப்புறம் அதை ஏலத்துக்குக் கொண்டுபோனால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊசி போட்டவனுக்குத்தான் தண்டனை என்பது போல ஆகிவிடுகிறது. இந்த லட்சணத்தில் யார் முன்வந்து ஊசி போடுவார்கள்? ஊசி மருந்துக்கும் இந்த ஆண்டு பக்கத்து நாட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது, போட்ஸ்வானாவிலிருந்து வந்தது.

போட்ஸ்வானாவைச் சொன்னேனே, அங்கே மாட்டின் இரைப்பைக்குள் எண் பதித்த மின்னணு உருண்டை ஒன்றை விழுங்க வைத்தார்கள், ஐரோப்பாக்காரன் கேட்டான் என்பதற்காக. இப்போது காதில் வில்லை. நமீபியாவிலும் மாட்டுக்கு மாடு எண் உண்டு. 2020 இல் அமெரிக்காவுக்கே மாட்டுக் கறி அனுப்பிவிட்டார்கள், ஆப்பிரிக்காவில் முதல் நாடு. நாங்கள் இத்தனை பெரிய துறைமுகத்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம். போன மாதம் அமெரிக்கா தென்னாப்பிரிக்கச் சரக்குக்கு 30 விழுக்காடு வரி போட்டதே, ஆரஞ்சுக்காரர்கள் அலறினார்கள். மாட்டுக்காரர்கள் அசையவே இல்லை. அனுப்பினால்தானே வரி!

ஜூலையில் ஒரு வாடிக்கையாளரோடு, எங்கள் மாகாணத்திலேயே சூலு மக்கள் வாழும் நொங்கோமா பக்கம் போனேன். அங்கே ஊருக்கொரு டிப் டேங்க் உண்டு, உண்ணிக்கு மருந்து கலந்த தண்ணீர்த் தொட்டி. மாடுகள் வரிசையாக வந்து தொப்பென்று விழுந்து நீந்தி அந்தப் பக்கம் ஏறும். ஒரு பெரியவர், பதினொரு மாடு வைத்திருக்கிறார். எந்த மாட்டைக் காட்டினாலும் அதன் அம்மா, பாட்டி, எந்த வருடம் எந்தக் கல்யாணத்துக்குச் சீராக வந்தது என்று சொல்கிறார். மயிலை, செவலை, காரி, பில்லை என்று நாம் சொல்வதுபோல இவர்களுக்கும் நிறத்துக்கு நிறம் பெயர். அழகு என்னவென்றால், புள்ளி புள்ளியாக இருந்த ஒன்றை வானம்பாடி முட்டை என்று கூப்பிட்டார். உடம்பெல்லாம் புள்ளி தெளித்த மாடு, அப்படியே முட்டை ஓடுதான்.

"இவற்றுக்கு எண் எதற்கு? எனக்குத் தெரியாதா?" என்றார். நீ எழுதிய அதே தொனி, சூலு மொழியில்.

அவருக்குத் தெரியும்தான். ஆனால் அவர் அறிவு அவர் ஊர் டிப் டேங்கோடு நின்றுவிடுகிறது. ஏலத்தில் லாரி ஏறியதும் வானம்பாடி முட்டை வெறும் "மேற்படி" ஆகிவிடும். கோமாரி வந்து அந்தப் பகுதியைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டால் அவரால் ஒரு மாட்டைக்கூட விற்க முடியாது, பேத்தியின் காலேஜ் கட்டணத்துக்குக்கூட. பெரிய கம்பெனிக்காரன் ஜோர்டான் இல்லையென்றால் அமீரகம், அதுவும் இல்லையென்றால் உள்ளூர் சூப்பர் மார்க்கெட் என்று எப்படியோ பிழைத்துக்கொள்வான். நாட்டில் ஏறக்குறைய 1.2 கோடி மாடு, அதில் கணிசமான பங்கு இவரைப் போன்றவர்களிடம்தான். இவர்களை விட்டுவிட்டு ஃபீட்லாட் மாட்டுக்கு மட்டும் வில்லை மாட்டுவோம் என்று சிலர் பேசுகிறார்கள். அது ஓட்டைப் பானையின் வாயை மட்டும் மூடுகிற வேலை.

நீ கேட்பாய், இந்தியாவிலும்தான் கோமாரி இருக்கிறது, அப்புறம் எப்படி வருடத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் எருமைக் கறி போகிறது என்று. நியாயமான கேள்வி. எலும்போடு அனுப்புவதில்லை, அதுதான் சூட்சுமம். அறுத்த உடலை உடனே உறைய வைக்காமல் 2 டிகிரிக்கு மேல் ஒரு நாள் முழுக்கத் தொங்க விடுவார்கள். தசையில் அமிலம் ஊறி, பிஹெச் அளவு 6க்குக் கீழே இறங்கும். முதுகுக் கறியில் ஊசி போன்ற மீட்டரைக் குத்திப் பார்ப்பார்கள். அந்த அமிலத்தில் கிருமி செத்துவிடும். மஜ்ஜையிலும் நிணச் சுரப்பியிலும் அமிலம் ஊறாது, அதனால் எலும்பையும் சுரப்பியையும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் பெட்டியில் அடைப்பார்கள். அந்தக் கறிக்கு வியட்நாம், மலேசியா, எகிப்து, ஈராக் என்று கை நீட்டும் நாடுகள் உண்டு. விலை மலிவு, அளவு அதிகம். தென்னாப்பிரிக்கா பிடிக்க நினைப்பது எலும்போடும் குளிரிலும் போகிற உயர்ந்த விலைச் சந்தையை. 2024 இல் இங்கிருந்து வெளியே போன மாட்டுக் கறி 38 ஆயிரம் டன் அளவுதான். அதே ஆண்டு பிரேசில் 28 லட்சம் டன்னுக்கு மேல் அனுப்பியது. இந்த மே மாதம் நாடு முழுவதற்கும், தடுப்பூசியே போடாமல் கோமாரி இல்லை என்ற சான்றையும் வாங்கிவிட்டது. யானைக்கும் பூனைக்கும் உள்ள தூரம்.

ஜெர்மனியைப் பார். 1988க்கு அப்புறம் முதல் தடவையாக இந்த ஜனவரியில் பெர்லினுக்குப் பக்கத்தில் கோமாரி வந்தது. வந்தது எதற்குத் தெரியுமா, 14 எருமை இருந்த ஒரு மந்தைக்கு! நம் ஊர் எருமைதான். எந்த மாடு எங்கே போயிற்று என்று தட்டினால் திரையில் வந்தது. மார்ச்சுக்குள் நாட்டின் பெரும்பகுதிக்குச் சான்று திரும்பிவிட்டது. இங்கே ஆறு வருடம் தாண்டியும் காத்திருக்கிறோம்.

துறைமுகப் பாடு வேறு இருக்கிறது, அதை எழுதினால் விடிந்துவிடும். 2023 நவம்பரில் டர்பனுக்கு வெளியே கப்பல்கள் வரிசை கட்டி, 60 ஆயிரம் கன்டெய்னர் கடலில் மிதந்தன. காற்று அடித்தால் கிரேன் நிற்கும். செங்கடலில் சண்டை வந்ததிலிருந்து ஐரோப்பாக் கப்பல்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் சுற்றிப் போகின்றன, உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

உயிரோடு ஏற்றுகிற வியாபாரமும் நடக்கிறது. ஈஸ்ட் லண்டன் துறைமுகத்திலிருந்து வளைகுடாவுக்கு ஆடு போகிறது, விலங்கு நலச் சங்கம் கோர்ட் வரை போய்ப் பார்த்தது. போன வருடம் பிப்ரவரியில் 19 ஆயிரம் மாட்டோடு பிரேசிலிலிருந்து ஈராக் போன கப்பல் ஒன்று தீவனம் ஏற்றக் கேப் டவுனில் நின்றது. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டது, கழிவுநீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று முதலில் தேடினார்களாம். பெட்டியில் போகிற கறிக்குக் காகிதம் எழுத எனக்குக் கை கூசுவதில்லை. இதற்கு எழுதச் சொன்னால் வேலையை விட்டுவிடுவேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். சோறு தின்பவன் நியாயம் பேசுகிறான் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இவர்களும் நாமும் ஒன்று. இங்கே உடலுக்குத் தரம் போடுவது பல்லைப் பார்த்துத்தான். பால் பல் மட்டும் இருந்தால் ஏ, ஊதா மை. ஒன்றிரண்டு பல் போட்டிருந்தால் பச்சை. அதற்கு மேல் பழுப்பு, கிழடு என்றால் சிவப்பு. உருளையால் உடல் நெடுக மை ஓட்டுவார்கள். சந்தையில் உன் அப்பா கிடாவின் உதட்டை விரலால் தூக்கி "ரெண்டு பல்லுடா, நாலுன்னு ஏமாத்துறான்" என்று சொல்வாரே, முதல் தடவை இங்கே தரம் பிரிப்பதைப் பார்த்தபோது அவர் குரல்தான் காதில் கேட்டது.

தை மாதம் வர டிக்கெட் பார்க்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் எப்போது என்று தெரிந்தால் அதற்குத் தோதாக வருவேன். அப்புறம், உன் செவலைப் பசுவின் காதில் இருக்கும் அந்த 12 எண்ணையும் எழுதி அனுப்பு. நொங்கோமா பெரியவரிடம் காட்ட வேண்டும். அந்தப் பசுவுக்குப் பெயரும் இருக்கும் இல்லையா, அதையும் சேர்த்து எழுது. அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

படையலுக்குக் கூப்பிடுகிறார்கள். வடை ஆறிவிடும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்