செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: மலை இறங்கிக் கேட்ட பாட்டு

தலைவர் அவர்களுக்கும், கமிட்டி நண்பர்களுக்கும், குளிரைப் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தீபாவளி, பொங்கல், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு மூன்றும் இந்த ஆண்டும் குறையில்லாமல் நடந்தன. அவற்றைப் பற்றி அந்தந்தப் பொறுப்பாளர்களே பேசுவார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது, சென்ற பொதுக்குழுவில் நீங்கள் அரைமனதோடு சம்மதித்த காரியத்தைப் பற்றி. இந்த வட்டாரத்தின் கன்ட்ரி (கிராமப்புறப் பாட்டு), ஃபோக் (நாட்டுப்புறப் பாட்டு) கலைஞர்களை நேரில் போய்க் கேட்பது, முடிந்தால் நாமே ஒரு கச்சேரி வைப்பது என்று தீர்மானித்தோம் அல்லவா, அதுதான்.

நாம் குடியிருப்பது ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து நெடுஞ்சாலையில். தெற்கே மலை இறங்கினால் டாம்வொர்த், இந்த நாட்டின் கன்ட்ரி இசைத் தலைநகரம். ஆனால் ஒவ்வொரு ஜனவரியும், பொங்கலுக்குச் சிட்னியிலிருந்து பாடகர் யாராவது வருவாரா என்று விசாரிப்பதிலேயே நம் கமிட்டிக்குப் பொழுது போய்விடும். பொங்கல் முடிந்த கையோடு கீழே பத்து நாள் திருவிழா தொடங்கும். நாம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்போம்.

இம்முறை போனோம். 2025 திருவிழா ஜனவரி 17 முதல் 26 வரை நடந்தது. வெயிலைப் பற்றி எச்சரித்தவர்கள் சொன்னது சரிதான். மலைமேல் இருந்து பழகியவர்களுக்கு டாம்வொர்த் ஜனவரி ஒரு தண்டனை. பீல் தெருவின் ஒரு பகுதியில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, இரு பக்க நடைபாதைகளையும் தெருப்பாடகர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். கடைக்குக் கடை ஒரு கிட்டார், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், முன்னால் திறந்து வைத்த கிட்டார் பெட்டி, பக்கத்தில் கார்டு தட்டும் கருவி. பத்து வயதுச் சிறுமி பாடுவதை நாலு பேர் நின்று கேட்கிறார்கள். இரண்டு கடை தள்ளி, எழுபது வயதுக்காரர் நாற்பது பேரைக் கட்டிப்போட்டிருக்கிறார். காதில் விழும் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு நின்றால் போதும், யார் பாடகர், யார் பாட முயல்பவர் என்று சீக்கிரமே தெரிந்துவிடும். பிரபல கன்ட்ரி பாடகர் ட்ராய் காசர்-டேலி சிறுவனாக இந்தத் தெருவில்தான் பாடினார். புதியவர்களுக்கான ஸ்டார்மேக்கர் போட்டி 1979 முதல் நடக்கிறது. 1982இல் லீ கெர்னகனும் 1990இல் கீத் அர்பனும் அதில் வென்றவர்கள்.

ஒரு வேளாண் ஊருக்குக் கன்ட்ரி இசைத் தலைநகரம் என்ற பெயர் எப்படி வந்தது என்று பலர் கேட்டார்கள். தொலைக்காட்சி வந்து மாலை நேர வானொலி நேயர்களைப் பிடுங்கிக்கொண்ட காலத்தில், உள்ளூர் வானொலியான 2டிஎம், 1965இல் ஒரு கன்ட்ரி நிகழ்ச்சியைத் தொடங்கியது. மத்திய அலை ஒலிபரப்பு இரவில் வெகுதூரம் எட்டும். எங்கோ இருக்கும் பண்ணை வீடுகளும் லாரி ஓட்டுநர்களும் கேட்டார்கள், கடிதம் எழுதினார்கள். அந்த வானொலிக்காரர்கள்தான் 1973 ஜனவரி விடுமுறை வார இறுதியில் கன்ட்ரி இசைக்கான கோல்டன் கிட்டார் விருதுகளைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டு விருது வாங்கிய பாட்டை எழுதியவர் ஜாய் மெக்கீன். பாடியவர் அவர் கணவர் ஸ்லிம் டஸ்டி. 1988இல் ஊரின் எல்லையில் வைத்த 12 மீட்டர் உயரப் பொன்னிற கிட்டாரின் கீழே நாமும் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் இருக்கிறது; இனியும் யாரும் அனுப்ப வேண்டாம்.

ஸ்லிம் டஸ்டியைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் கேள்விப்பட்டிருப்பார்கள். கெம்ப்ஸிக்கு மேற்கே ஒரு பால் பண்ணையில் வளர்ந்தவர், 1927இல் பிறந்தவர், இயற்பெயர் டேவிட் கார்டன் கர்க்பேட்ரிக். என்னை ஈர்த்தது அவருடைய பாட்டைவிட அவர் பிழைத்த விதம். 1954இல் அவரும் ஜாயும் வீட்டை விட்டு முழுநேரமாகச் சாலையில் இறங்கினார்கள். 1964 முதல் ஆண்டுதோறும் பத்து மாதம், சுமார் 48,000 கிலோமீட்டர், பிள்ளைகளோடு கேரவனில் நாட்டைச் சுற்றினார்கள். பெரிய நகரங்களின் அரங்குகளை நம்பாமல், சின்ன ஊர் ஹால்களிலும் கால்நடைக் கண்காட்சித் திடல்களிலும் பழங்குடி மக்களின் குடியிருப்புகளிலும் பாடினார்கள். நம் ஊர்ப்பக்கம் கோயில் திருவிழாக் கணக்கைப் பார்த்து ஊர் ஊராகப் போகும் நாடக செட் போலத்தான். ஸ்லிம் 2003இல் காலமானபோது 106ஆவது ஆல்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஜாய் 2023இல் போனார். கணக்கு, பயண ஏற்பாடு, பாட்டு எழுதுவது எல்லாம் பார்த்தவர் அவர். பெயர் என்னவோ கணவருக்குத்தான் அதிகம். சங்கங்களிலும் இது உண்டு என்று மகளிர் அணி சொல்லச் சொன்னது.

பழங்குடிப் பாடகர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கன்ட்ரி என்றால் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் பாட்டு என்றுதான் நம்மில் பலர் நினைத்திருந்தோம். கம்மெரகுஞ்சா மிஷன் நிலத்தில் பிறந்த யோர்ட்டா யோர்ட்டா மகன் ஜிம்மி லிட்டில் 1963இலேயே நாடு முழுக்கப் பேசப்பட்ட பாடகர். நம் வட்டாரத்து கமிலராய்ப் பழங்குடிக்காரர் ராஜர் நாக்ஸ் சிறைகளுக்குள் போய்ப் பாடியவர். பிரிந்த தாய், விட்டு வந்த நிலம், நெடுஞ்சாலை, சிறை: இந்தப் பாட்டுகளின் சரக்கு அவர்களுக்குப் புதிதே இல்லை. ஈழத்திலிருந்து வந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், வரிகள் பாதி புரியாமலே, ஒரு பாட்டு முடியும்வரை அந்த நடைபாதையை விட்டு நகரவில்லை.

மே மாதம் வடக்கே கிளென் இன்னஸில் நடக்கும் கெல்டிக் (ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழி) விழாவுக்கும் சில குடும்பங்கள் போய்வந்தன. நட்டுவைத்த பெரிய கருங்கற்களைச் சுற்றி பேக்பைப்பும் பிடிலும். குளிர் கடுமை. பிள்ளைகளுக்கு வாள்சண்டை பிடித்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நாமே வைத்த கச்சேரி. சாலை வழியே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பதியை, கிட்டாரும் பிடிலும், நம் ஊரின் பழைய நினைவு ஹாலுக்கு அழைத்தோம். இப்படிப்பட்ட கலைஞர்கள் ஓர் ஊருக்காக மட்டும் பயணம் வருவதில்லை. டாம்வொர்த்திலோ ஆர்மிடேலிலோ ஒரு நிகழ்ச்சி கிடைத்தால், அடுத்தடுத்த ஊர்களில் ஹால், கிளப், யாராவது வீட்டு வரவேற்பறை என்று கோத்துக்கொண்டே போகிறார்கள். நடுவில் ஓர் ஊர் விட்டுப்போனால் அன்றைக்குப் பெட்ரோலும் தங்குமிடமும் அவர்கள் கைக்காசு. குவீன்ஸ்லாந்தின் உட்ஃபோர்ட் ஃபோக் இசை விழாக்காரர்கள் 2013 முதல் சின்ன ஹால்களுக்குக் கலைஞர்களை அனுப்பும் ஏற்பாடும் இதே கணக்கில்தான் ஓடுகிறது: பெரிய விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவரை, திரும்பிப் போவதற்குள் பத்து ஊருக்குக் காட்டிவிடுவது.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஏன் வைத்தீர்கள் என்று புகார் வந்தது. பண்ணைகளிலிருந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். அந்தி வேளையில் சாலையில் கங்காரு. இங்கே பல ஊர்களில் பாட்டு நேரத்தை முடிவுசெய்வது அதுதான்.

கமிட்டியில் பெரிய வாக்குவாதம் சம்பளத்தைப் பற்றி. வாசலில் வசூலாவதில் ஒரு பங்கு போதும் என்றார்கள் சிலர். நம்மவர்களை மேடையேற்றிச் சால்வை மட்டும் போர்த்தி அனுப்பிய பழக்கம். நான் நிலையான தொகைதான் தர வேண்டும் என்று நின்றேன், இப்போதும் அப்படியே நிற்கிறேன். மழை பெய்தாலும் அறுவடை நேரமானாலும் கூட்டம் குறையும். அந்த நஷ்டத்தைக் கலைஞர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அப்புறம், பொதுவில் பாட்டு நிகழ்த்த வாங்க வேண்டிய ஒன்மியூசிக் உரிமத்துக்கும் பணம் கட்டினோம். எதற்கு என்று கேட்டவர்களுக்கு: மேடையில் பாடிய பாட்டுகளின் பட்டியலைக் கலைஞர்கள், பாட்டு எழுதியவர்களுக்கு உரிமத்தொகை பிரித்துத் தரும் ஏப்ரா அமைப்புக்கு அனுப்பினால், பாட்டு எழுதியவருக்குப் பங்கு போகும். பாடியவரே எழுதியவராக இருந்தால் அது அவருக்குச் சம்பளத்துக்கு மேல் வரவு. காப்பீட்டுச் செலவு மட்டும் கசந்தது. சென்ற முறை கேட்டதைவிட அதிகம், ஏன் என்றும் அவர்கள் சொல்லவில்லை.

நம்மவர்கள் எழுந்து போய் காபி குடிப்பதும் பிள்ளைகள் மேடை ஓரம் ஓடுவதும் முதல் பாதியில் நடந்தன. சபா பழக்கம். உள்ளூர்க்காரர்கள் மெழுகுப் பொம்மைகள் மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இரண்டாம் பாதியில் அடங்கினோம். இடைவேளையில் ஹால் கமிட்டிப் பெண்களின் ஸ்கோனும் நம் மசால் வடையும் ஒரே மேஜையில் இருந்தன. வடை முதலில் தீர்ந்தது. குறுந்தகடுகள் நன்றாக விற்றன. இன்னும் யார் வாங்குகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். சாலையில் சிக்னல் இல்லாத இடங்களில் பழைய வண்டியில் வேறு எதைக் கேட்பது?

இரங்கல்: தன் முன்பற்களையும் கிண்டல் பாட்டுகளையும் வைத்தே எழுபது ஆண்டு ஊர் ஊராகச் சிரிக்கவைத்த குவீன்ஸ்லாந்துக்காரர் சாட் மோர்கன் 2025 புத்தாண்டு அன்று 91 வயதில் காலமானார். அவை ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்.

பேர்ட்ஸ்வில் பாலைவன இசை விழாவுக்கு 2025இல் போகலாம் என்று பெயர் கொடுத்தவர்களுக்கு: அந்த விழா இந்த ஆண்டு ஓய்வெடுத்துக்கொண்டது. முன்பணத்தைப் பொருளாளரிடம் திரும்ப வாங்கிக்கொள்ளவும்.

வரும் ஆண்டுக்குக் கமிட்டி இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, சிட்னிப் பாடகருக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை இந்தச் சாலையில் வரும் கலைஞர்களுக்கு ஒதுக்குவது. ஆண்டுக்கு இரண்டு ஹால் கச்சேரி, நிலையான சம்பளத்தோடு. இரண்டு, 2026 பொங்கலை ஒரு வாரம் முன்தள்ளாமல் அதே நாளில் வைத்துக்கொண்டு, மறுவாரம் டாம்வொர்த்துக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்வது. முதல் தீர்மானத்துக்கு எதிர்ப்பு இருப்பது தெரியும். விவாதம் தேநீருக்கு முன்பே நடக்கட்டும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்